ஞானமுத்து அண்ணன் கேட்ட கேட் பாஸ்

காலையில் கம்பெனி பஸ் சுங்குவார்சத்திரத்தில் நின்றபோது, ஞானமுத்து அண்ணன் ஏறும் இடத்தில் அவர் மைத்துனர் நின்றிருந்தார். "மாமா விடியக்காலம் போய்ட்டாருப்பா" என்றார். பஸ்ஸில் இருந்த நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பார்க்கிற யோக்கியதை எங்களுக்கு இல்லை.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கம்பெனியில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். இளவயதில் போதகர் படிப்புக்குப் போய், குடும்பக் கஷ்டத்தால் இரண்டே வருடத்தில் திரும்பியவர். அங்கே கற்ற கிரேக்கம் மட்டும் அவரோடு தங்கிவிட்டது.

இந்தத் தொண்ணூற்றொன்றாம் வருடம்தான் நிர்வாகம் ஷிப்டுகளுக்கிடையே உற்பத்திப் போட்டி என்று நோட்டீஸ் ஒட்டியது. ஜெயிக்கிற ஷிப்டில் ஆளுக்கொரு எவர்சில்வர் குடம். ஒருவர் பாதியில் வெளியே போனாலும் ஷிப்டுக்கே பரிசு கிடையாது. அண்ணன் அதைப் படித்துவிட்டு டீ கிளாஸோடு வந்து உட்கார்ந்தார்.

"போட்டிக்கு கிரேக்கத்துல 'அகோன்'னு பேரு. மொதல்ல அதுக்கு அர்த்தம் ஜனங்க ஒண்ணா கூடுறது, அவ்ளோதான். கூடுன எடத்துல ஓட்டம், குஸ்தின்னு வெச்சாங்க, அப்பால போட்டிக்கே அந்தப் பேரு நின்னுச்சு. அதுலேர்ந்து வந்ததுதான் அகோனியா. உயிர் துடிக்கிற வேதனை. வெள்ளக்காரன் 'அகனி'ன்றானே, அது."

"கொடம் வருமாண்ணே, அத்த சொல்லு" என்றேன் நான். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

போட்டியின் கடைசி நாள், அவர் போனதற்கு முந்தின நாள், பகல் ஒன்றரை மணி. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வெளியே போக கேட் பாஸ் கேட்டார். சூப்பர்வைசர் கடிகாரத்தைக் காட்டினார். மனிதனா அவன்? ஆனால் அவனைத் திட்டிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. அடுத்து வாயைத் திறந்தது நான்தான்.

"இன்னாண்ணே, இன்னும் ஒரு மணி நேரம்தான் கீது. பொறுத்துக்கோண்ணே."

என்னைப் பார்த்தார். "சரிப்பா" என்று திரும்பிப் போய் மெஷின் முன்னால் நின்றார். அகோனியாவுக்கு அர்த்தம் தெரிந்த மனுஷன் ஏன் நின்றார்? போங்கடா என்று உதறிவிட்டுப் போயிருக்கக் கூடாதா? அவர்மேலும் எனக்குக் கோபம்தான்.

நாங்கள் ஜெயித்தோம்.

அடக்கத்தன்று சூப்பர்வைசர் அண்ணன் பங்குக் குடத்தைக் கலர் பேப்பர் சுற்றி எடுத்து வந்தான். அண்ணி அதைத் தொடவில்லை. எங்களைப் பார்த்துத்தான் கேட்டார்: "நெஞ்சு வலின்னாரே, ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவ உங்கள்ல ஒருத்தர்கூடவா இல்ல?"

இருந்தோம், அண்ணி. முப்பது பேர் இருந்தோம்.

இந்த வாரம் புது நோட்டீஸ் வந்திருக்கிறது. அடுத்த போட்டிக்கு 'ஞானமுத்து நினைவுக் கோப்பை' என்று பெயராம். வெட்கம்கெட்டவர்கள். விதி மட்டும் மாறவில்லை, பாதியில் யாரும் போகக்கூடாது. நோட்டீஸைக் கிழித்தவன் யார் என்று விசாரிக்கிறார்களாம். நான்தான். இந்தப் போட்டிக்கு நான் பெயர் கொடுக்கப்போவதில்லை; நண்பர்களே, நீங்களும் கொடுக்காதீர்கள்.

அண்ணனுடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தச் 'சரிப்பா' ஒன்றுதான். அதில் துளிக் கோபம் இல்லை. நீங்கள் என்னைத் திட்டியிருக்கலாம், அண்ணே.