சாக்குச் சீலிங்

தோட்டத்துக் கூலிகளுக்குக் கட்டிய வரிசை வீடுதான் லயம். எங்கள் லயத்தில் பத்துக் காம்பரா, குடும்பத்துக்கு ஓர் அறை. மேலே நீளத்துக்கும் ஒரே தகரக் கூரை. நடுச்சுவர்கள் அதுவரை போகாது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றுவிடும். பக்கத்தில் கருவாடு சுட்டால் எங்கள் வீட்டில் கண் எரியும். நான் புருஷனைத் திட்டினால் கடைசிக் காம்பராவில் சிரிப்பார்கள். கட்டினவன் மாட்டுக்குக் கட்டினானா, மனுஷருக்குக் கட்டினானா? நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

இலங்கை மலைநாட்டில் டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம், ஐம்பதுகளின் கடைசி. எட்டு மாதத்துக் கைப்பிள்ளைக்கு இருமல் நிற்கவே இல்லை. பனிக்காலத்தில் தகரம் வேர்த்து, விடியும் நேரம் தொட்டிலில் சொட்டும். அடுத்த வீட்டு அடுப்புப் புகை சுவரேறி எங்கள் பக்கம் இறங்கும். மூத்ததை இப்படித்தான் சளிக்குப் பறிகொடுத்தேன். இதையும் கொடுக்க நான் தயாராக இல்லை.

எங்கள் வீட்டுக்காரர் ஃபேக்டரியில் வேலை. கிளாக்கரையா வீட்டில் சீலிங் பார்த்துவிட்டு வந்து, "நாமளும் ஒன்னு போட்டா என்னா?" என்றார். பலகைக்கு எங்கே போவது? டவுனில் முஸ்லிம் நானா கடையில் மாவுச் சாக்கும் சீனிச்சாக்கும் வாங்கிப் பிரித்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கூரைக் கட்டையிலிருந்து கம்பி தொங்கவிட்டுச் சட்டம் கட்டினார், சுவர் உச்சிக்கு ஒரு சாண் கீழே. நானும் பக்கத்துக் காம்பராப் பெண்ணும் கோணி ஊசியால் சாக்குகளைத் தைத்தோம். அவர் இழுத்து ஆணியடித்தார். அடியில் மாப்பசை தடவிப் பேப்பர் ஒட்டிச் சுண்ணாம்பு பூசினேன்.

அந்தப் பெண் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆனவள். அவளுக்கு மூச்சிழுப்பு நோய். இழுப்பு வந்தால் குரல் எழும்பாது. அதனால் கைக்கு அகப்பட்டதைச் சுவருக்கு மேலே எங்கள் பக்கம் எறிவாள். தேங்காய்ச் சிரட்டை வந்து விழுந்ததும் நான் சுடுதண்ணீரோடும் தைலத்தோடும் ஓடுவேன். ஒரு தடவை என் சோற்றுச் சட்டியிலேயே விழுந்தது. திட்டிக்கொண்டே ஓடினேன்.

"இனிமே எப்படிக்கா ஒங்களக் கூப்பிடுறது?" என்று தைத்துக்கொண்டே கேட்டாள்.

"சுவத்தத் தட்டு புள்ள. நான் எங்க போயிடப் போறேன்?"

கருங்கல் சுவர், ஒரு முழக் கனம். தட்டினால் கேட்குமா என்று தட்டிப் பார்க்க அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

பத்து நாளில் பிள்ளைக்கு இருமல் அடங்கியது. லயமே வந்து அண்ணாந்து பார்த்தது. "தொர பங்களா தோத்துச்சு, போ!" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆடி மழை. பிள்ளைக்கு அம்மை குத்தியதில் காய்ச்சல் என்று நான் காலையில் பெரட்டில் பேர் கொடுக்கப் போகவில்லை. பக்கத்திலும் அவள் வேலைக்குப் போகவில்லை. "லேசா இழுக்குதுக்கா, சரியாப் போயிடும்" என்று காலையில் வாசலில் நின்று சொன்னாள். பத்து மணிக்குப் பேய்மழை பிடித்தது. தகரத்தில் அடிக்கிற சத்தத்தில் காதே அடைத்துவிட்டது. பிள்ளை அப்போதுதான் கண்ணசந்தது. சீலிங்கில் தொப்பென்று ஏதோ விழுந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. நான்கைந்து நாளாகவே அதன்மேல் எலி ஓடிக்கொண்டிருந்தது. விளக்குமாற்றைத் திருப்பிப் பிடித்துக் கீழிருந்து இடித்தேன். "சனியனே, புள்ளய எழுப்பிடாத!"

மறுபடி தொப். மறுபடி இடித்தேன். பிறகு சத்தமில்லை. ஒழிந்தது என்று பிள்ளை பக்கத்தில் நானும் படுத்துவிட்டேன்.

தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும் வேலை முடிந்து மத்தியானம் வந்த அவள் புருஷன் போட்ட கூச்சல் மட்டும் சுவரைத் தாண்டி வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். எங்கள் சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது.

காரியம் முடிந்த மறுநாள், சுவரோரம் சாக்கு தொங்குவது கண்ணில் பட்டது. வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். பெட்டிமேல் ஏறிக் கையை விட்டேன். இரண்டு சிரட்டை, ஒரு அகப்பை. சிரட்டைகளையும் அகப்பையையும் அடுப்பில் வைத்தேன். அவை எரிந்து முடிகிறவரை எழுந்திருக்கவில்லை. ஐயோ, அவள் கூப்பிட்டாள், நான் விளக்குமாற்றால் பதில் சொன்னேன். இதை வேறெப்படிச் சொல்வேன்? வீடு மாறி, ஊர் மாறி, இப்போது தலைக்குமேல் ஓடு. மழை பெய்தால் இன்னும் அந்தச் சத்தம் கேட்கிறது.

சீலிங்கைக் கழற்றவில்லை. பிள்ளை இருமாமல் தூங்கியது.

சிரட்டையை எரித்த அன்று சாயங்காலம் அவள் புருஷன் எங்கள் வாசலில் வந்து நின்றான். ஒரு வாரச் சோறு தண்ணி இல்லாத முகம்.

"அக்கா, ஒன்னே ஒன்னு கேக்கணும். அவ ஒங்களக் கூப்பிடவே இல்லையா?"

பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டேன்.

"கூப்பிட்டிருந்தா ஓடியாந்திருக்க மாட்டேனா தம்பி? தூக்கத்துலயே போயிருப்பா."

அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. "தவிக்காமப் போயிட்டா. அது போதும்க்கா" என்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டான்.