சாம்பல் நனையவில்லை

அடிவயிற்றிலிருந்து இழுத்து இழுத்து வந்த அந்தச் சத்தம் பூனையுடையது என்று முதலில் எங்களுக்குத் தோன்றவேயில்லை. மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்த அந்தக் காலையில், அடுப்படியில் யாரோ மனிதர் முனகுவது போலத்தான் இருந்தது. போய்ப் பார்த்தால், ஆறிய அடுப்பின் சாம்பலில் எங்கள் 'சின்னதொரை' குந்தியிருந்தான். தேயிலைத் தோட்டத்து உதவி மேலாளரான 'சின்னதொரை'யைப் போல யாரையும் ஏறிட்டுப் பாராமல் நடப்பதால் அப்பா அவனுக்கு வைத்த பெயர் அது. இலங்கை மலையகத்தில் வட்டகொடைக்கு மேலே, தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்தின் ஒற்றை அறைக் 'காம்பரா'வில், பள்ளிக்கூடத்தை விட்டு நின்று வீட்டோடு கிடந்த என் அக்கா மல்லிகாவுக்குப் பேச்சுத்துணை அவன்தான்.

எந்த மழையிலும் கீரைப் பாத்திக்குப் போய் மண்ணைப் பறித்து ஒதுங்கிவிட்டு வருகிறவன், அன்று சாம்பலில் குந்துவதும், முக்குவதும், எழுந்து இன்னொரு மூலையில் குந்துவதும், பின்னங்கால்களுக்கிடையே ஓயாமல் நக்குவதுமாக இருந்தான். "மழைக்குப் பயந்துக்கிட்டு அடுப்புல அசிங்கம் பண்ணுது" என்று அம்மா துரத்தினாள். "மலம் கட்டியிருக்கும், வெளக்கெண்ண குடுத்தா சரியாப் போயிரும்" என்றார் அப்பா. எண்ணெயைப் புகட்டிவிட்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் 'பெரட்டு'க்கு நேரமாகிறதென்று இருவரும் வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள்.

மறுநாள் அவன் பாலைத் தொடவில்லை, வாந்தி எடுத்தான், வயிற்றைத் தொட்டால் சீறினான். அக்காதான் சாம்பலை விரலால் கிளறிப் பார்த்தாள்.

"அம்மா, சாம்பல் ஒரு எடத்துலகூட நனையலம்மா. இவனுக்கு மூத்திரமே போகல."

கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டியபடி அம்மா ஒரு கணம் நின்றாள். "பூனைக்கெல்லாம் யாருடி டாக்டர்கிட்ட போவாங்க?" என்றாள், ஆனால் போகாதே என்று சொல்லவில்லை.

அக்கா அவனைச் சாக்கில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொள்ள, நான் குடை பிடித்து நடந்தேன். ரயிலேறி டவுனுக்குப் போனால், மிருக வைத்தியர் இல்லை. தூரத்துத் தோட்டமொன்றில் கன்று போட முடியாமல் தவித்த பசுவைப் பார்க்கப் போயிருந்தார். அங்கிருந்த சிங்கள உதவியாளர் சின்னதொரையின் வயிற்றை மெல்லத் தொட்டார், கல்லாக இறுகியிருந்தது. "ஐயோ நங்கி," என்று அக்காவைத் தங்கையாய் அழைத்தவர், தனக்குத் தெரிந்த தமிழில், "நேத்து கொண்டாரணும். ஆம்பள பூன மூத்திரம் நின்னா அன்னிக்கே வரணும்" என்றார். குழாய் போட்டு எடுக்க டாக்டரால்தான் முடியுமாம்.

வாசல் பெஞ்சில் காத்திருந்தோம். முனகல் நின்றபோது வலி குறைந்துவிட்டதென்று நான் சந்தோஷப்பட்டேன். அக்கா சந்தோஷப்படவில்லை. அவன் உடம்பு அவள் மடியில் குளிர்ந்துகொண்டே போயிற்று. டாக்டரின் ஜீப் வந்து நின்றபோது அவள் எழுந்திருக்கவேயில்லை.

மாலையில் அப்பா மண்வெட்டியோடு கீரைப் பாத்திக்குப் போனார். "நமக்கென்னா தெரியும்? அது வாயத் தொறந்து சொல்லுச்சா?" என்றார்.

"சொல்லுச்சுப்பா. ரெண்டு நாளா சொல்லிக்கிட்டேதான் இருந்துச்சு" என்றாள் அக்கா.

அந்த லயம் இப்போது இல்லை. பின்பக்க மண்மேடு சரிந்து பாதியைக் கொண்டுபோக, மீதியை இடித்துவிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் இல்லை. வலப்பனையில் குடியிருக்கும் அக்காவின் வீட்டில் எலித்தொல்லை. பிள்ளைகள் பூனைக்குட்டி கேட்டு அழுகிறார்கள். "வேணாம்" என்பதற்கு மேல் அவள் எதுவும் சொல்வதில்லை. போன மாதம் நான் அங்கே போயிருந்தபோது, எங்கிருந்தோ வந்த குட்டி ஒன்று வாசற்படியில் கத்திக்கொண்டேயிருந்தது. அக்கா எழுந்துபோய் டீவியின் சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.