ஆற்றங்கரையில் முதுகு காட்டி நின்றவள்

அப்பாவின் பனியன் கம்பெனி ஆபீசுக்குள் நுழைந்தாலே மெஷின் ஆயில் நெடி மூக்கில் ஏறும். அதையும் மீறி எனக்கு அங்கே எப்போதும் ஈரம் மணக்கும், சுவரில் மாட்டியிருந்த படத்திலிருந்துதான் அது வருகிறது என்று சின்ன வயதில் நிச்சயமாக நம்பினேன். செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, மை தடவி, காகிதத்தில் அழுத்தி எடுத்த அந்தப் படம், எங்கள் பனியன்களை வாங்கும் வெளிநாட்டு "பையர்" ஒருவர் கொடுத்த பரிசு. ஏதோ பெருநகரத்து ஆற்றங்கரை, எதிர்க்கரைக் கட்டடங்களை விழுங்கிய பனிமூட்டம், நமக்கு முதுகு காட்டி நிற்கும் ஒரு பெண். அதன் எதிரில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவேன். குனிந்து நிமிர்வதற்குள் அவள் கொஞ்சம் இடம் மாறியிருப்பாள்.

அம்மாவுக்கு அவள் யாரென்பதில் சந்தேகமே இல்லை. அம்மாவின் ஒரே தங்கை, என் சித்தி, ஒரு மார்கழிக் காலையில் அவிநாசி கோயிலுக்கென்று பனிக்குள் நடந்து போனவர், திரும்பவே இல்லை. "அது யாரோ வெள்ளைக்காரி, அம்மணி" என்று அப்பா கேலி செய்வார். சித்திக்குத் திதி கொடுக்கச் சொல்லும் உறவுக்காரர்களிடமோ, "அவ எங்கியோ நின்னுட்டுத்தான் இருக்கறா" என்று சொல்லி அம்மா அவர்கள் வாயை அடைத்துவிடுவார்.

ஓர் ஆயுத பூஜையன்று, மெஷின்கள் முதல் கத்தரிக்கோல் வரை பொட்டு வைத்துவந்த வேலைக்காரச் செல்வியக்கா, படத்தையும் விடவில்லை. அந்தப் பெண்ணின் மேல் சந்தனம், குங்குமம். சட்டத்தில் செவ்வந்தி மாலை.

"யாரக் கேட்டு மாலை போட்ட செல்வி?" என்று அம்மா அலறினார்.

"சட்டம் போட்டு மாட்டுனா சாமியா இருக்கோணும், இல்லீன்னா செத்தவங்களா இருக்கோணும்னு நெனச்சுட்டனுங்க அக்கா."

எங்கள் ஊர்ப்பக்கத்து வீடுகளில் அப்படித்தான், அவர்மேல் தப்பே இல்லை. அம்மா மாலையைப் பிய்த்தெறிந்து, முந்தானையை வாளியில் முக்கித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். தண்ணீர் சட்டத்துக்குள் இறங்கியது. அன்று நான் பயந்தது படத்துக்கல்ல, அம்மாவுக்கு.

கம்பெனி இருந்த இடத்தில் இப்போது யாருடைய குடோனோ நிற்கிறது. அப்பாவும் போய்விட்டார். படம், முதலிபாளையத்தில் என் வீட்டில், அம்மாவின் கட்டிலுக்கு எதிரே இருக்கிறது. என் மகள் பிறப்பதற்கு முன்பே பூஞ்சை பிடித்து, அந்தப் பெண் நின்ற இடம் முழுதும் அழிந்துவிட்டது. மிச்சம் வெறும் பனிமூட்டம். பார்வை போய்விட்ட அம்மா தினமும் காலையில், என் மகள் எழுவதற்கு முன், "நிக்கறாளா கண்ணு?" என்று கேட்பார். மனசு கேட்காமல் நானும் "நிக்கறாங்கம்மா" என்று சொல்லிவிடுவேன்.

போன வாரம் நான் ஊரில் இல்லாதபோது, அதே கேள்வியை என் மகளிடம் கேட்டிருக்கிறார். அந்தப் பெண்ணைப் பற்றி நாங்கள் யாரும் அவளிடம் மூச்சுவிட்டதில்லை. அவள் படத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாளாம்:

"நிக்கறாங்க அம்மாயி. நம்மளத்தான் பாத்துட்டிருக்காங்க."