மூன்று ஏழைகள் தேவை

இரண்டு பேர் பேசிக்கொள்ள மூன்றாவது ஆளுக்குத் தொண்டை கட்டுவதுதான் மொழிபெயர்ப்பு வேலை. அடுத்தவர் பேச்சைச் சுமந்து அவதிப்பட்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். மஸ்கட்டில் கிரேன் ஓட்டிய காலத்தில், அரபி முதலாளிக்கும் பஞ்சாபி மேஸ்திரிக்கும் நடந்த அடிதடியை என் சொல்லையும் கூட்டி மொழிபெயர்த்தே கல்யாணத்தில் முடித்துவைத்தவன் நான். அந்தப் பெயரை நம்பித்தான், ஏழைகளைப் பற்றிப் படிக்க எங்கள் கடற்கரை ஊருக்கு வந்த எட்டு வெளிநாட்டு மாணவர்களுக்கும் அவர்களுடைய பேராசிரியைக்கும் என்னைப் பிடித்துக் கொடுத்தார்கள்.

முதல் கேள்வி

பேராசிரியையின் காகிதத்தில் முதல் கேள்வி, 'இந்த ஊரில் மிகவும் ஏழைக் குடும்பம் எது?' முதல் வீட்டில் கேட்டேன். அடுத்த தெரு என்றார்கள். அடுத்த தெருவில், சிலுவை நிற்கும் குருசடிப் பக்கம் என்றார்கள். குருசடிப் பக்கத்தில் அந்த முதல் வீட்டைக் கைகாட்டினார்கள். மூன்றாவது சுற்றில் மாணவர்கள் வெயிலில் சிவந்த சிவப்பைப் பார்த்து, கரையிலிருந்த நண்டுகள் சொந்தக்காரர்கள் என்று பின்னாலேயே வந்தன.

வலை பின்னிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமல் சொன்னார்: "இங்க ஸ்டாக் இல்ல ஓய். பக்கத்து ஊர்ல கேட்டுப் பாரும்."

இன்னொருத்தியும் தேடினாள்

எங்கள் ஊர்ப் பிலோமினாளும் அதே சரக்கைத்தான் தேடிக்கொண்டிருந்தாள். அவளுடைய ஒரே மகன் போன மாதம் இன்ஜின் நின்ற படகில் நான்கு நாள் கடலில் கிடந்து கரைசேர்ந்தவன். மகன் திரும்பினால் மூன்று ஏழைகளைச் சூசையப்பர், மாதா, பாலன் இயேசு என்று திருக்குடும்பமாக இலை முன்னால் உட்காரவைத்துச் சோறு போடுவதாக அவள் நேர்ந்திருந்தாள். நேர்ச்சை முடியாமல் அவன் மறுபடி படகில் கால்வைக்கக் கூடாது. படகோ மறுநாள் மத்தியானம் புறப்படுகிறது. அவன் போகாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் ஏறிவிடுவான்.

முன்பெல்லாம் கூப்பிட்டதும் வந்தவர்களின் பிள்ளைகள் இப்போது துபாயில். ஏழை என்று யாரும் உட்கார மாட்டேன் என்கிறார்கள். ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்து சொன்னாளாம்: "எங்க வீட்டுல ஏசி உண்டு. ஒனக்குக் கண்ணு தெரியாதா?"

பேட்டி

மாணவர்கள் பிலோமினாளைப் பேட்டி எடுக்கப் போனார்கள். பேட்டி எடுத்தது அவள்தான். நெட்டையான பையன் ஒருவன் தன் நாட்டில் வகுப்பு முடிந்ததும் ஹோட்டலில் தட்டு கழுவுகிறான். ஒரே அறையில் நாலு பேர். அம்மாவைப் பார்ப்பது கிறிஸ்துமஸுக்கு மட்டும். கண்ணாடி போட்ட குட்டைப் பெண் மூன்று வேளையும் ரொட்டிதான் தின்கிறாள். அதுவும் ஆறினது.

பிலோமினாள் என்னைத் தனியே இழுத்தாள். "அண்ணே, இதுங்கள்ல மூணு பேரு வருமான்னு கேளுங்க. உள்ளதை உள்ளபடி சொல்லணும். ஏமாத்தி இருத்துனா நேர்ச்சை சேராது."

உள்ளதை உள்ளபடி

எனக்குப் பழக்கமில்லாத வேலை. வேர்த்து ஊற்ற, 'இந்த அம்மாளுக்கு மூன்று ஏழைகள் தேவை, நீங்கள் ஏழைகள் என்று நினைக்கிறாள், சம்மதமா?' என்று அப்படியே சொன்னேன். நெட்டையன் யோசித்துவிட்டுச் சூசையப்பராக உட்காரச் சரி என்றான். குட்டைப் பெண்ணும் பாலனாக உட்காரச் சம்மதித்தாள். மாதா மட்டும் அமையவில்லை. மற்ற பெண்கள் பேராசிரியையைப் பார்த்தார்கள். அவர் முகம் சிவந்து, தனக்குத் தோட்டத்தோடு வீடு இருப்பதாகவும், தான் ஏழை இல்லை என்றும் சொன்னார். வீட்டில் யாரெல்லாம் என்று பிலோமினாள் கேட்டாள். தானும் ஒரு பூனையும் என்றார்.

"ஒத்தைக்கா? எம் மாதாவே! அப்ப நீங்க நடுவுல இரிங்க."

பந்தி

மறுநாள் காலை மூவரின் காலையும் கழுவி உட்காரவைத்தாள். சோறு, பருப்பு, அவியல், பப்படம். சூசையப்பர் தன் இலையில் விழுந்த பாயசத்தை உள்ளங்கையால் அணைகட்டிக் காப்பாற்றினார். மாதா முதல் உருண்டையை வாயில் வைத்ததும் அழுதார். மிளகாய் என்று நினைத்துப் பிலோமினாள் பழம் உரித்துக் கொடுத்தாள். அது மிளகாய் இல்லை என்று எனக்குத் தெரியும். யாரும் கேட்கவில்லை, நான் மொழிபெயர்க்கவில்லை.

அவர்கள் எழுந்த பிறகுதான் வீட்டுக்காரர்கள் சாப்பிடலாம், மகன் கிளம்பலாம். நெட்டையன் நாலாவது தடவை சோறு கேட்டான். வாசலில் பையோடு நின்ற மகன் என் காதில் சொன்னான்: "ஏழைக்கு வயிறு நெறஞ்சாச்சான்னு கேளுங்க மாமா, எனக்குப் படகுக்கு நேரமாச்சு." அதையும் அப்படியே கேட்டேன்; நெட்டையன் எழுந்தான், மகன் படகைப் பிடித்தான்.

ஒரு சொல்லும் கூட்டாமல் நான் மொழிபெயர்த்தது அந்த இரண்டு நாள்தான், ஊரில் யாரும் நம்பாத கதையும் இது ஒன்றுதான்.