செவ்வாய்க்கிழமை ஜோடி

அற்புதம்மாளின் புருஷன் சாகவில்லை. செத்திருந்தால் ஊர் அவளுக்கு ஓர் இடமாவது ஒதுக்கியிருக்கும், கைம்பெண்களோடு உட்கார்ந்திருப்பாள். ஆள் எங்கேயோ உயிரோடு இருக்கிறான், ஆனால் இங்கே இல்லை என்றால், அந்தப் பெண்ணைக் கல்யாண வீட்டில் எந்தப் பக்கம் உட்கார வைப்பது? மலாய் நாட்டு மலையூரான ரிங்லெட்டுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்து ஜனங்கள் இதற்குச் சுலபமான வழி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அவளை எதற்கும் கூப்பிடாமல் விட்டுவிட்டார்கள்.

புருஷன் சூசையிடம் இருந்தது சிவப்பு ஐ.சி., குடியுரிமை இல்லாதவர்களின் அடையாள அட்டை. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தபோது அவனுக்குப் பெர்மிட் கிடைக்கவில்லை. அற்புதம்மாள் இந்த மலையிலேயே பிறந்த நீல ஐ.சி.க்காரி, குடியுரிமை உள்ளவள். "கொஞ்ச நாள் பொறுத்துக்க. எல்லாத்தையும் சரி பண்ணிட்டு வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு எழுபதாம் ஆண்டு பினாங்கில் தாய்நாட்டுக்குக் கப்பலேறினான். முதலில் மாதாமாதம் கடிதம் வந்தது. அப்புறம் கிறிஸ்துமஸுக்கு மட்டும் வந்தது. அப்புறம் அதுவும் இல்லை. யாராவது கேட்டால் "வருவாரு" என்பாள். போகப் போகக் கேட்பதற்கும் ஆள் இல்லாமல் போயிற்று.

அவளுக்கென்று மிஞ்சியது மாதா சபை ஒன்றுதான். தானா ராத்தாவிலிருந்து மாதம் ஒருமுறை பூசை வைக்க வந்த சாமியார் ஆரம்பித்துவைத்த சபை அது. தோட்டத்துக்குப் புதிதாக யார் வந்தாலும், எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், போய்ப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. கீழே ரப்பர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலம் அது. அங்கே வேலை போனவர்கள் போர்வைகூட இல்லாமல் குடும்பத்தோடு லோரி ஏறி இந்தக் குளிருக்கு வந்தார்கள். அவர்களைப் போய்ப் பார்த்து, பிள்ளைகளைச் சிஸ்டர்மார் நடத்தும் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். சிவப்பு ஐ.சி.க்காரர்களைச் சனிக்கிழமை மலாய் வகுப்புக்கு அனுப்ப வேண்டும், குடியுரிமைக்குப் போனால் அதிகாரி மலாயில்தான் கேள்வி கேட்பான். வாயும் வயிறுமாக இருப்பவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

சாமியார் ஒரே ஒரு சட்டம்தான் போட்டிருந்தார். யாரும் தனியாகப் போகக் கூடாது. இயேசு தம் சீடர்களை இருவர் இருவராகத்தானே அனுப்பினார்? செவ்வாய்க்கிழமை ஜோடியாகப் போய்ப் பார்ப்பது, வியாழக்கிழமை கூட்டத்தில் எழுந்து நின்று சொல்வது. சொல்லி முடித்ததும் சபைத் தலைவர் கிளாரன்ஸ் எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பார். "திரும்பப் போகணுமா?" கிளாரன்ஸ் ஃபேக்டரிக் கிராணி, கணக்கு எழுதுகிறவர். அளந்து பேசுகிற மனுஷன், சிரிப்பையும் அளந்துதான் சிரிப்பார்.

அற்புதம்மாளுக்கு ஜோடி செல்லம். செல்லத்துக்கு வாய் பெரிசு, அற்புதம்மாளுக்குக் கால் பெரிசு. ஒருத்தி பேசுவாள், ஒருத்தி நடப்பாள். பேராக்கிலிருந்து மணியம்மா நாலு பிள்ளைகளோடு வந்து இறங்கியபோது, அவள் வீட்டுச் சுவரில் மாரியம்மன் படம் மாட்ட ஆணி அடித்துக் கொடுத்ததே இவர்கள் இரண்டு பேரும்தான். போகிற வீட்டிலெல்லாம் அற்புதம்மாள் அதே நாலு கேள்விதான் கேட்பாள். தண்ணி வருதா, விறகு இருக்கா, உடம்புக்கு எப்படி, கடைசியாக, வீட்டுல யார் யாரு இருக்கீங்க. பதில் சொல்லிக்கொண்டே அவர்கள் கோப்பி கலப்பார்கள். பிள்ளைகள் வந்து மடியில் ஏறும். உண்மையைச் சொன்னால், அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவள் வாரம் முழுக்கக் கொழுந்துக்கூடை சுமந்தாள். சபை வேலை என்று போகாவிட்டால் அவளுக்குத் திறக்கிற கதவு அந்த லயத்து வீட்டு வரிசையில் ஒன்றுகூட இல்லை.

எண்பத்து நாலில் செல்லத்தின் மகன் வந்து அம்மாவைக் கோலாலம்பூருக்குக் கூட்டிப்போனான்.

அந்த வாரக் கூட்டத்தில் அற்புதம்மாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "தம்பி, எனக்கு ஜோடி?"

"பாக்கலாம்க்கா. எல்லாருக்கும் ஜோடி இருக்கு. யாராச்சும் புதுசா சேர்ந்தா சொல்றேன்" என்றார் கிளாரன்ஸ்.

"அதுவரைக்கும் நான் மட்டும் போயிட்டு வரவா?"

"ரூல் ரூல்தான்க்கா. உங்களுக்காக மாத்தினா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க லா."

அங்கே இருந்த பெண்களில் ஒருத்தியாவது "நம்ம கூட மூணாவதா வரட்டுமே" என்று சொல்லியிருக்கலாம். கிளாரன்ஸின் மனைவி கத்தரீன் செபமாலையை உருட்டிக்கொண்டு கீழே பார்த்தாள். மற்றவர்கள் மழையைப் பற்றிப் பேசினார்கள். அந்த மலையில் மழையைப் பற்றிப் பேச ஒருநாளும் விஷயத்துக்குத் தட்டுப்பாடு வராது.

அதற்கப்புறம் வந்த செவ்வாய்க்கிழமைகளில் அற்புதம்மாள் வேலை முடிந்து வந்து, குளித்து, சேலை மாற்றிக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டில் தாளிக்கிற வாசனை வரும். பிள்ளைகள் சண்டை போடுகிற சத்தம் வரும். தகரக் கூரையில் மழை விழும். பேசுவதற்கு ஆள் இல்லாமல், சில வாரம் மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் மேற்பார்வைக்காரத் தண்டல் பேர் கூப்பிடும்போதுதான் அவள் வாயிலிருந்து முதல் சொல்லே வரும்.

அந்தச் சமயத்தில்தான் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துக் கடைசி வீட்டுக்கு ஓர் இந்தோனேசியாக்காரக் குடும்பம் வந்தது. புருஷன் மருந்து அடிக்கிற வேலைக்குப் போனான். பெண் வெளியே தலை காட்டவில்லை. "அவங்க வேற ஆளுங்க, நம்ம சபைக்கு என்ன வேலை" என்று லயம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஒரு சாயங்காலம் விறகோடு அந்தப் பக்கம் வந்த அற்புதம்மாள், அந்த வீட்டு ஜன்னல் ஆணியில் செபமாலை ஒன்று தொங்குவதைப் பார்த்தாள்.

ரூல் நினைவுக்கு வந்தது. திரும்பிப் போனாள். விறகை வீட்டில் போட்டுவிட்டு மறுபடியும் வந்து கதவைத் தட்டினாள்.

திறந்தவளுக்கு இருபது வயதுதான் இருக்கும். பெயர் யுலியானா, புளோரஸ் தீவுக்காரி. அவர்கள் ஊரில் எல்லாருமே கத்தோலிக்கர்கள்தான். இங்கே கோவில் இருப்பதே அவளுக்குத் தெரியாது. அற்புதம்மாளுக்குத் தெரிந்தது கடைத்தெரு மலாய். அந்த அரைகுறை மலாயில் தன் நாலு கேள்வியையும் கேட்டாள். தண்ணி வருது. விறகு இல்லை. உடம்பு, மூணு மாசம். கடைசிக் கேள்வியில் அந்தப் பெண் உடைந்துபோனாள். அழுதாள். அற்புதம்மாளுக்கும் அழுகை வந்துவிட்டது. யாருக்காக யார் அழுதார்கள் என்று கேட்டால் இரண்டு பேருக்குமே சொல்லத் தெரிந்திருக்காது.

வியாழக்கிழமை கூட்டத்தில் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றாள். "தொட்டிக்கிட்ட புது வீட்டுக்குப் போனோம்."

கிளாரன்ஸ் நிமிர்ந்தார். "போனோமா? யார் கூடக்கா?"

அற்புதம்மாள் விழித்தாள். "யுலியானா கூட."

"யாரு அது?"

"அந்த வீட்டுக்காரிதான், தம்பி."

கூட்டமே சிரித்தது. "அவ வீட்டுக்குப் போக அவளே ஜோடியா?" என்று யாரோ கேட்க, மறுபடியும் சிரிப்பு. அற்புதம்மாளுக்கு முகமெல்லாம் எரிந்தது. கிளாரன்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. "சரி, ஜோடின்னு சொல்லிட்டீங்க. அடுத்த வாரம் கூட்டத்துக்குக் கூட்டிட்டு வாங்க. வரலைன்னா இனிமே தனியா போகக் கூடாது" என்றார்.

யுலியானா வந்தாள். தலைக்குத் துணி போட்டுக்கொண்டு, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். செபமாலை தொடங்கியது. அருள் நிறைந்த மரியேவை ஒரு பக்கம் பாதி சொல்ல, மறுபக்கம் மீதியைச் சொல்ல வேண்டும். இவர்கள் தமிழில் நிறுத்திய இடத்தில் அவள் தன் பாஷையில் சரியாகப் பிடித்தாள். முதல் பத்து மணிவரை பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் பார்க்கவில்லை. கிளாரன்ஸ் அடுத்த செவ்வாய்க்கு அவர்கள் இருவருக்கும் ஒரு வீட்டை ஒதுக்கிக் கொடுத்தார்.

அதன் பிறகு வந்த மூன்று வருஷம் அற்புதம்மாளின் நல்ல காலம். தானா ராத்தா ஆஸ்பத்திரியில் யுலியானாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அற்புதம்மாள் ஞானத்தாயாக நின்றாள். சிஸ்டர்மாரின் தையல் வகுப்பில் யுலியானா ரவிக்கை தைக்கக் கற்றுக்கொண்டாள். கொழுந்து பறிக்கிற நிரையில் தமிழ்ப் பெண்களோடு நின்று தமிழும் கற்றுக்கொண்டாள், முதலில் வசவு, அப்புறம்தான் மற்றது. புதிதாக வந்த புளோரஸ்காரர்கள் வீட்டில் அவள் பேசினாள், தமிழர் வீட்டில் அற்புதம்மாள் பேசினாள். குழந்தை யார் இடுப்பிலாவது இருக்கும். மூன்று வருஷத்துக்குமுன் வேற ஆளு என்று ஒதுக்கிய பெண்களே, "யுலியானா, இந்தப் பாவாடைய கொஞ்சம் ஓரம் அடிச்சிக் குடுடி" என்று வந்து நின்றார்கள். கல்யாணத்துக்கு அழைப்பு வந்தது. யுலியானாவுக்குத்தான் வந்தது. அற்புதம்மாளுக்கு வரவில்லை.

யுலியானா அதைப் பார்த்தாள். ஏன் என்று கேட்டாள். அற்புதம்மாள் "எனக்குக் கூட்டம் ஆகாதுடி" என்று சொல்லிவிட்டுக் குழந்தைக்குச் சோறு ஊட்டப் போனாள்.

எண்பத்து ஏழில் புருஷனுடைய ஒப்பந்தம் முடிந்தது. ஊருக்குத் திரும்ப வேண்டும். சொன்ன அன்று அற்புதம்மாள் "நல்லது, ஆயி அப்பன பாக்கலாம்" என்றாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அடுப்புகூடப் பற்ற வைக்கவில்லை. ஒருத்தன் கப்பலேறினான். ஒருத்தி மகனோடு போனாள். இப்போது இவள். தன்னைப் பிடித்தவர்களெல்லாம் மலையிறங்குகிறவர்களாகவே ஏன் இருக்கிறார்கள் என்று மாதா படத்தைப் பார்த்துக் கேட்டாள்.

கடைசிச் செவ்வாய்க்கிழமை. யுலியானா மூட்டை கட்டுகிற வேலையில் இருப்பாள் என்று நினைத்து அற்புதம்மாள் வீட்டிலேயே இருந்தாள். கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. எத்தனையோ கதவைத் தட்டியவளுக்குத் தன் கதவு தட்டப்படுவது புதுசு. யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள்.

வெளியே யுலியானாவும், அவளுக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு கத்தரீனும் நின்றார்கள். கத்தரீன் அந்த லயத்துக்குக் கீழே கிராணிமார் குடியிருக்கும் ஸ்டாஃப் வீட்டில் இருபது வருஷமாக இருப்பவள். இந்தப் படியை அன்றுதான் மிதித்தாள்.

வீட்டில் கோப்பை இரண்டுதான் இருந்தது. வந்தவர்களுக்கு அதில் கோப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு, அற்புதம்மாள் தனக்குப் பால் டின்னில் ஊற்றிக்கொண்டாள். யுலியானா முழங்காலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தாள்.

"தண்ணி வருதாக்கா?"

"என்னடி, என் பாட்டையே என்கிட்ட பாடுற?" அற்புதம்மாள் சிரித்தாள்.

"விறகு இருக்கா? உடம்பு எப்படி?"

"எல்லாம் இருக்கு. கோப்பிய குடி."

"வீட்டுல யார் யாரு இருக்கீங்க?"

அற்புதம்மாளின் சிரிப்பு நின்றது. ஊரெல்லாம் கேட்ட கேள்வி. அவளை யாரும் கேட்டதில்லை. "வருவாரு" என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். சொல்ல முடியவில்லை. "நான் மட்டும்தான்" என்றாள்.

கத்தரீன் கையிலிருந்த கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை கூட்டத்தில் அற்புதம்மாள் எழவில்லை. யுலியானா எழுந்தாள். தமிழில் அவள் அறிக்கை சொன்னது அதுதான் முதல் தடவை.

"இந்த வாரம் நானும் கத்தரீன் அக்காவும் ஒரு வீடு போனோம். தண்ணி இருக்கு. விறகு இருக்கு. முழங்கால் வலி இருக்கு, சொல்ல மாட்டாங்க. வீட்டுல ஒரு ஆளு. பேரு அற்புதம்மாள். புருஷன் போயிட்டாரு, வரல. இந்த லயத்துல எல்லா வீட்டுக்கும் அவங்க போனாங்க. அவங்க வீட்டுக்கு ஒருத்தரும் போகல."

அற்புதம்மாள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பதினேழு வருஷமாக ஊருக்குத் தெரிந்து, ஊர் பேசாத விஷயத்தை அந்நியதேசத்துப் பெண் எழுந்து நின்று சொல்லிவிட்டாள். அவமானமாக இருந்தது. அதைவிட ஆறுதலாக இருந்தது.

கிளாரன்ஸ் வழக்கமான கேள்வியைக் கேட்டார். குரல் கொஞ்சம் பிசகியது. "திரும்பப் போகணுமா?"

யுலியானா தலையாட்டினாள். "போகணும். நான் இல்ல. நான் ஊருக்குப் போறேன்." கையை நீட்டி, கிளாரன்ஸையும் சேர்த்து, பாயில் உட்கார்ந்திருந்த எல்லாரையும் காட்டினாள். "நீங்க போகணும்."

சனிக்கிழமை லோரியில் அவர்கள் போனார்கள். குழந்தை அற்புதம்மாளின் கழுத்தை விடாமல் பிடித்துக்கொண்டு கத்தியது. அதன் விரலைப் பிரித்துக் கொடுத்தவளும் அற்புதம்மாள்தான்.

ஞாயிறும் திங்களும் அவள் யாரோடும் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் ரிங்லெட்டுக்கு இறங்கிப்போய் மூன்றாவதாக ஒரு கோப்பை வாங்கிவந்தாள். குளித்து, சேலை மாற்றி, அடுப்பில் தண்ணீர் வைத்தாள். மழை பிடித்துக்கொண்டது. சாரல் உள்ளே அடித்தும் அவள் கதவைச் சாத்தவில்லை, வருகிறவர்கள் தட்ட வேண்டாமே என்று திறந்தே வைத்திருந்தாள். தண்ணீர் கொதித்து வற்றியது. மறுபடியும் ஊற்றி வைத்தாள். அது இரண்டாவது தடவை கொதிக்கத் தொடங்கியபோது, படிக்குக் கீழே கத்தரீனின் குரல் கேட்டது. "அக்கா, இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றாள் அற்புதம்மாள்.