அண்ணர் தமக்காக ஏற்றிய விளக்கு

எங்கள் அண்ணர் போய் ஓராண்டாகிறது. நாலு பேர் முன் பேசக் கூசுகிறவன் நான், படிப்பும் குறைவு. பாரிஸில் அவருடன் ஒரே அறையில் இருந்தவன் என்பதால் இந்த நினைவுமலருக்கு என்னையே எழுதச் சொன்னார்கள்.

அண்ணர் யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியில் எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். பத்து ஆண்டுகளுக்கு முன், எண்பதுகளின் தொடக்கத்தில் பாரிஸ் வந்து, உணவகத்தில் கோப்பை கழுவி, என்னையும் அழைத்துக்கொண்டார். அங்கே லா சப்பல் பகுதியில் தனியே வாழ்ந்த யூத மூதாட்டி ஒருவர் தம் கூரையடி அறையை எங்களுக்குத் தந்தார். அவரை மடாம் என்போம். வாடகைக்குப் பதிலாக அண்ணர் அவருக்கு வீட்டுவேலை செய்தார்.

வெள்ளிக்கிழமை பொழுதுபடுமுன் மடாம் மெழுகுதிரி ஏற்றுவார். பின்பு மறுநாள் இருட்டும்வரை, அது யூதரின் ஓய்வுநாள் என்பதால், நெருப்பையும் மின்விளக்கையும் தொடமாட்டார். ஒரு மாரிகால வெள்ளியன்று, எரியவிட்டிருந்த மின்குமிழ் பழுதாகிவிட்டது. கீழே மடாமிடம் போன அண்ணர் கதவைத் திறக்க, காற்றில் மெழுகுதிரிகளும் அணைந்தன. வெள்ளிக்கிழமை விளக்கு அணைவதா என்று பதறிய அவர், உடனே நெருப்புக்குச்சி உரசி ஏற்றிவிட்டார்.

"யாருக்காக ஏற்றினீர்கள்?" என்றார் மடாம். "நீங்கள் உங்களுக்கென்று ஏற்றியிருந்தால் அந்த வெளிச்சத்தில் நானும் இருக்கலாம். எனக்காக என்றால் கூடாது."

"உங்களுக்காகத்தான், மடாம்," என்றார் அண்ணர்.

மடாம் கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்கார்ந்துகொண்டார்.

அண்ணர் மேலே வந்து இதைச் சொன்னதும் நான் பெட்டியைக் கட்டத் தொடங்கினேன்.

"அறை போச்சு. ஒரு பொய் சொல்லியிருக்கலாமே அண்ணை?"

"விளக்குக்கு முன்னாலை பொய்யோ? விசரா!" என்றவர், "அந்த மனுசிக்கு வெள்ளிக்கிழமை எண்டு ஒண்டு இருக்கடா. எங்கடை வெள்ளிக்கிழமை எங்கை போச்சு?" என்றார். பாரிஸ் வந்த பின் நாங்கள் விளக்கேற்றியதே இல்லை.

மறுநாள் இருட்டியதும் மடாம் தாமே படியேறி வந்தார். நான் கட்டிவைத்திருந்த பெட்டியைப் பார்த்து, "எங்கே பயணம்?" என்றார். பின்னல் போட்டுச் சுட்ட பாண் ரொட்டியை அண்ணரிடம் கொடுத்து, "நீங்கள் பொய் சொல்லியிருந்தால் நம்பி அந்த வெளிச்சத்தில் இருந்திருப்பேன்" என்றார்.

அதன்பின் அண்ணர் ஒரு சிறு குத்துவிளக்கு வாங்கினார். சாமிப்படம் வேண்டாம், விளக்கு மட்டும் என்று சொல்லி, மடாம் தம் சமையலறை யன்னலோரத்தில் இடம் கொடுத்தார். கைகழுவும்போதும் பாண் பிய்க்கும்போதும் மடாம் ஆண்டவனை நினைப்பதை அண்ணர் கவனித்தார்.

"எல்லாம் கும்பிடுதானடா," என்பார்.

"கோப்பை கழுவிறதுமோ அண்ணை?"

"ஓம். முதலாளிக்குச் சொல்லிப்போடாதை, சம்பளத்தைக் குறைச்சுப்போடுவான்!"

நோய் முற்றிய கடைசி நாட்களிலும் அவர் கேட்டது ஒன்றுதான்: "விளக்கை விட்டிடாதை."

அண்ணரைப் பராமரித்த தாதியருக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த அயலவர், நண்பர், உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மடாமுக்கும் நன்றி. மரணத் துடக்குக் கழிந்த முதல் வெள்ளியன்று, பொழுதுபட்டபின், அண்ணரின் விளக்கை அந்த யன்னலோரத்தில் நான் ஏற்றினேன்.

"யாருக்காக?" என்றார் மடாம்.

அதுவரை அவருடன் நான் வணக்கத்துக்கு மேல் பேசியதில்லை. அண்ணருக்காக என்று சொல்லவே வாயெடுத்தேன். ஆனால் அண்ணர் போன பின் அந்த வீட்டில் இருட்டில் நின்றவன் நான்தான்.

"எனக்காக, மடாம்."

அவர் கதிரையை விளக்கின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.