காஜா பேராங் பஸ்ஸில் கண் மருந்து

இன்று காலை காஜா பேராங் ஸ்டாப்பில் பஸ் ஏறினேன். புறப்படும் முன் டிரைவர் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டிருந்தார். பாதி மருந்து கன்னத்தில் வழிந்தது.

என் பையில் இருப்பதும் அதே மருந்துதான். கண்ணுக்குள் அழுத்தம் கூடினால் ஆஸ்பத்திரியில் கொடுப்பது.

“அண்ணே, கீழ் இமையை இழுத்து ஒரே சொட்டு விடுங்க. கண்ணை மூடி, மூக்கோரமா விரலால அமுக்கிப் பிடிங்க. இல்லேன்னா மருந்து கண்ணுல தங்காது, தொண்டைக்கு இறங்கிடும்” என்றேன்.

“அதான் கசக்குதா!” என்று சிரித்துவிட்டு, சொன்னபடியே செய்தார்.

“மெர்டேக்கா சுதந்திர தினத்துக்கு டவுன்ல விளக்கு போட்டிருக்காங்களே, பாத்தீங்களா தங்கச்சி? ஒவ்வொரு பல்பைச் சுத்தியும் வானவில்லு. ரொம்ப அழகு.”

கண்ணழுத்தம் ஏறினால்தான் விளக்கைச் சுற்றி அப்படித் தெரியும். அந்த விளக்குகளை நானும் பார்த்தேன். வானவில் எதுவும் இல்லை.

பஸ் கிளம்பியது. வளைவில் இடப்பக்கம் சைக்கிளில் வந்தவரை அவர் பார்க்கவே இல்லை. “அண்ணே, சைக்கிள்!” என்று நான் கத்திய பிறகுதான் பிரேக் போட்டார். சைக்கிள்காரர் காலை ஊன்றி நின்று திட்டினார்.

“எங்கேருந்து வந்தான் இவன்?” டிரைவர் நிஜமாகவே கேட்டார். இந்த நோய் ஓரப் பார்வையைத்தான் முதலில் தின்னும்.

இறங்கும்போது, உடனே டாக்டரைப் பார்க்கச் சொன்னேன்.

“மெர்டேக்கா முடியட்டும் தங்கச்சி. இப்ப லீவு கேட்டா வேலை போயிடும்.”

பஸ் கம்பெனியில் சொன்னால் அவர் குடும்பம் என்னாகும்? சொல்லாவிட்டால் யார் குடும்பம் என்னாகும்?

நாளையும் எனக்கு அதே பஸ்தான். முன் சீட்டில் உட்கார்ந்து இடப்பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். வலப்பக்கம் பார்க்க யாராவது வருகிறீர்களா?